சிரை

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. அவருக்கும் இது தெரியும், அவருக்கும் என்னைப் பிடிக்காது. கல்யாணம் பேச வந்த அன்றைக்கே என் தலையைப் பார்த்து, "யாரு வெட்டினது இத? மாடு மேஞ்ச மாதிரி இருக்கு" என்று எல்லார் முன்னாலும் கேட்டவர் அவர். அன்றிலிருந்து எங்களுக்குள் ஏழாம் பொருத்தம்.

மாமா முடிதிருத்துபவர். கடைத்தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே அவருடைய சலூன். அவருடையது என்று பாதிதான் சொல்லலாம், மறுபாதி அவர் தம்பியுடையது. இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, நடுவில் ஒழுகுகிற ஒரே குழாய். வாசல் பக்கத்து நாற்காலி மாமாவுக்கு, உள்பக்கத்து நாற்காலி சின்னவருக்கு. தெருவில் மாமாவுக்குப் பெயர் 'கடுகு'. ஆளும் சிறிசு, சட்டென்று வெடிப்பதும் அப்படித்தான். சின்னவர் அதற்கு நேர்மாறு. எப்போதும் சிரித்த முகம், தேன் ஒழுகும் பேச்சு. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பிடிக்காது.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அப்பா செத்ததும் வாசல் நாற்காலி யாருக்கு என்று ஒரு தகராறு வந்தது. அந்த நாற்காலியில் வெளிச்சம் அதிகம். புதிதாக வருகிறவன் முதலில் அதில்தான் உட்காருவான். மூத்தவன் என்று மாமா அதைப் பிடித்துக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது. அவசியம் வந்தால் நாற்காலியில் இருப்பவர் மூலமாகத்தான் பேச்சுவார்த்தை.

"அந்த ஆள ஃபேன கொறைக்கச் சொல்லுங்க சார், முடி பறக்குது."

"முடியாதுன்னு சொல்லுங்க சார், இங்க வேர்த்துக் கொட்டுது."

தாடையில் பாதி நுரையோடு, கழுத்தில் கத்தியோடு, அந்த மனிதர் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போவார்.

அந்தக் கடையில் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டு. சிரைப்பது. பேச்சில், செரைக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அது போகிற போக்கில் விடுகிற வசவு. "இவ்வளவு நேரம் என்னத்த செரைச்ச?" என்று கேட்டுவிட்டு நாம் மறந்துவிடுவோம். மாமாவால் மறக்க முடியாது. சின்ன வயதில் ஒரு கணக்குத் தப்பாகப் போட்டதற்கு வாத்தியார், "நீயெல்லாம் செரைக்கத்தான் லாயக்கு" என்றாராம். வகுப்பே சிரித்ததாம். மறுநாள் அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. போனது நேராக அப்பாவின் கடைக்கு. கோபித்துக்கொண்டு வந்து கடைசியில் வாத்தியார் சொன்னதையே செய்தோமே என்ற எரிச்சல் அவருக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சவரம் என்று சொல்லலாம், ஷேவிங் என்று சொல்லலாம், அந்தச் சொல் மட்டும் ஆகாது. ஒரு தடவை கட்டட கான்ட்ராக்டர் ஒருவர், பாதி முடி வெட்டியிருக்கும்போது, போனில் யாரையோ, "அங்க உக்காந்து என்னத்தடா செரைக்கிற?" என்று திட்டினார். மாமா அவர் மேலிருந்த துணியை உருவினார்.

"எந்திரி."

"ஐயோ, உங்களச் சொல்லலைங்க."

"எந்திரின்னேன்!"

ஒரு பக்கம் முடியும் மறுபக்கம் மொட்டையுமாக அந்த ஆள் தெருவில் வந்து நின்றார். சின்னவர்தான் சிரித்தபடி உள்ளே கூப்பிட்டு மீதியை முடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவரும் அவருடைய ஆட்களும் சின்னவர் பக்கம்.

இவ்வளவுக்கும் மேல் ஜனங்கள் மாமாவிடம் வந்தார்கள் என்றால் அது அவர் கைக்காக. கத்தி தொண்டை மேல் போவதே தெரியாது. வாயில் வசவு, கையில் வெண்ணெய். அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்தக் கைதான்.

தன் காலை மட்டும் அவர் யாருக்கும் காட்டியதில்லை. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நின்றே செய்கிற வேலை. இடது கெண்டைக்கால் உள்பக்கம் நீல நீலமாகப் புடைத்து, விரல் தடிமனுக்கு முறுக்கிக்கொண்டு கிடக்கும். சாயங்காலம் ஆனால் கால் கனத்துப்போய் செருப்பு நுழையாது. "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார். நம் வாயில் எல்லாமே நரம்புதானே. வலி ஓடுவதும் நரம்பு, ரத்தம் ஓடுவதும் நரம்பு, இலையில் ஓடுவதும் நரம்பு. அவர் அப்பாவுக்கும் அதே கால்தான் இருந்தது. போகப் போக மாமாவின் கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பாகி, அரித்து, புண்ணாகிவிட்டது. அக்கா தினமும் கழுவித் துணி சுற்றுவாள். சுற்றிக்கொண்டே சண்டை போடுவாள்.

"கால வெட்டி எடுக்கிற வரைக்கும் இப்படியே நிப்பீங்களா?"

"நிக்காம? முடி வெட்டறவன் உக்காந்துட்டா வெட்டுவான்? ஒரு நாள் நான் கடைக்குப் போகலைன்னா அந்த ஆள் என் நாற்காலியில துண்டு போட்டுடுவான்டி."

அதுதான் விஷயம். அவருக்குக் காலை விட நாற்காலி பெரிது. அந்த நாற்காலி கைவிட்டுப் போனால் அவர் மனிதராகவே இருக்க மாட்டார் என்பது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், முக்கியமாகச் சின்னவருக்குத் தெரியும்.

ஒரு நாள் அக்கா என் கடைக்கு வந்தாள். "நீ அவரப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா, இல்ல நான் இங்கயே உக்காந்து ஒப்பாரி வைக்கவா?" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் என் பைக் ஓட்டும் அழகைப் பற்றி அவர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

விசாரணை ஜன்னலில் இருந்த ஆள் தலையை நிமிர்த்தாமலே, "என்ன கம்ப்ளெய்ன்ட்?" என்றான்.

"நரம்பு."

"ரெண்டாவது மாடி."

அங்கே போய் உட்கார்ந்தோம். சுற்றிலும் இருந்தவர்களுக்குக் கை நடுங்கியது. ஒரு பெரியவரால் தண்ணீர் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. இன்னொருவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மாமா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார்.

"மச்சான், இதெல்லாம் கால்லதான் ஆரம்பிக்குமா?"

அவர் என்னிடம் பயந்து கேட்ட முதல் கேள்வி அது. "சும்மா இருங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்து சேர்ந்தார். மாமாவின் பழைய வாடிக்கையாளர். யாரையோ பார்க்க வந்திருந்தார். "என்ன நீங்க, இந்தப் பக்கம்?" என்றார். "நரம்பு" என்றார் மாமா, அதுவும் எரிந்து விழுந்தமாதிரி. ஏஜென்ட்டின் பார்வை அக்குளில் ஒளிந்திருந்த கைகளுக்குப் போனது. அங்கேயே நின்றது.

உள்ளே டாக்டர் மாமாவின் முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "உங்க நரம்பு என் நரம்ப விட நல்லா இருக்கு. உங்கள யாரு இங்க அனுப்பினது?" என்றார்.

"நீங்கதான். கீழ ஜன்னல்ல ஒருத்தன உக்கார வச்சிருக்கீங்களே."

இது ரத்தநாளப் பிரிவு பார்க்க வேண்டியது, அடுத்த வாரம் அங்கே வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

நான் சலூன் பெஞ்சில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். ஏஜென்ட் சின்னவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதற்கு முன்னால் அவர் அதில் உட்கார்ந்ததே இல்லை. "உங்க அண்ணனுக்கு என்னங்க, நரம்புத் தளர்ச்சியா? நரம்பு டாக்டர்கிட்ட பாத்தேன்" என்றார்.

'காலில் கோளாறு' என்று சின்னவர் சொல்லியிருக்கலாம். அப்பாவின் காலைப் பார்த்து வளர்ந்தவர்தானே, அண்ணனின் நொண்டலைத் தினமும் பார்க்கிறவர்தானே. சொல்லவில்லை. தேனாகச் சிரித்தார்.

"எனக்கென்ன சார் தெரியும், எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. கழுத்து உங்களுது. யார்கிட்ட குடுக்கணும்னு நீங்கதான் யோசிக்கணும்."

எனக்கு மாமாவைப் பிடிக்காது. ஆனால் அந்த நிமிடம் அந்தச் சிரிப்பைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

முதலில் சவரத்துக்கு வருகிறவர்கள் நகர்ந்தார்கள். பிறகு முடி வெட்ட வருகிறவர்களும். "இருக்கட்டும், இருக்கட்டும், நான் வெயிட் பண்றேன்" என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்வார்கள், வாசல் நாற்காலி காலியாக இருக்கும்போதே. மாமாவுக்குக் காரணம் புரியவில்லை. நான் சொன்னேன். வெடிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டே இருந்தார்.

ரத்தநாளப் பிரிவில் இருந்தவர் இளம்வயது டாக்டரம்மா. உடம்பு உறுப்புகளின் பெயரையாவது சுத்தத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று வைராக்கியம் வைத்திருப்பவர் போல. மாமாவை ஒரு முக்காலியில் ஏற்றி நிற்கவைத்தார். படுத்தால் புடைப்பு வற்றிவிடுமாம், நின்றால்தான் குட்டு வெளிப்படுமாம். காலில் குளிர்ந்த களிம்பைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்து, கெண்டைக்காலை ஒரு அமுக்கு அமுக்கி விட்டார். திரையில் நிறம் மாறியது, உஷ் என்று ஒரு சத்தம் வந்தது.

"பாருங்க, ரத்தம் மேல போயிட்டுத் திரும்பக் கீழ வருது. இதுக்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. போன ரத்தம் திரும்பாம அது மூடிக்கணும். உங்களுக்கு மூடல. அதான் தேங்கி, வீங்கி, புண்ணாகி நிக்குது."

"கிழிச்சு எடுக்கணுமா?"

"வேண்டாம். ஊசி குத்தற அளவுதான் ஓட்டை. அது வழியா மெல்லிசா ஒரு கம்பிய விட்டு, லேசர் சூட்டால உள்ளயே மூடிடுவோம். சுத்தி மட்டும் மரத்துப்போக ஊசி. கிளையா ஓடுற சின்னதுகளுக்கு நுரை மாதிரி ஒரு மருந்து ஏத்துவோம். சிலருக்குப் பசை வச்சு ஒட்டறதும் உண்டு, உங்களுக்கு லேசர்தான் தோது. அன்னைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம்."

மாமாவின் காதில் ஒன்றுதான் விழுந்தது. "நரம்ப எரிச்சுட்டா, அப்புறம் கை நடுங்காதா?"

"ஐயா, இது நரம்பே இல்ல."

"பின்ன?"

டாக்டரம்மா நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தார். "சிரை."

மாமாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. முக்காலியிலிருந்து இறங்கினார்.

"என்ன சொன்ன?"

"சிரை. உங்களுக்கு இருக்கிறது சிரைப் பிரச்சனை."

"சீட்டுல என் தொழில் எழுதியிருக்கிறதப் பாத்துட்டுத்தான பேசுற? படிச்ச திமிரா? உன் அப்பன் வயசு எனக்கு!"

"ஹலோ, இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?"

களிம்பு வழிகிற காலோடு மாமா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். நடைபாதையில் எதிரே வந்த தள்ளுவண்டியின் விளிம்பு அவர் கணுக்காலில் இடித்தது. பலமான இடி இல்லை. ஆனால் புண்ணுக்குப் பக்கத்தில் மெலிந்திருந்த தோல் கிழிந்து ரத்தம் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அவ்வளவு ரத்தத்தை நான் பார்த்ததில்லை. மாமா சுவரைப் பிடித்தபடி சரிந்தார்.

டாக்டரம்மாதான் ஓடி வந்தார். "படுங்க! தரையிலயே படுங்க!" காலைத் தூக்கித் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு, துணியை மடித்து இரண்டு கையாலும் அழுத்தினார். மாமா எழப் பார்த்தார்.

"விடு என்ன! உன் வைத்தியம் வேணாம்!"

"வாய மூடிட்டுப் படுங்கய்யா! ரத்தம் நிக்கட்டும், அப்புறம் எவ்வளவு வேணா திட்டுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "என்னதான் கோவம் இவருக்கு?" என்றார்.

அந்த வார்த்தையை மாமா தன் வாயால் சொன்னதே இல்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அவர் சலூன் வச்சிருக்கார் டாக்டர். நீங்க செரைக்கிறதச் சொல்லிக் கிண்டல் பண்றீங்கன்னு நினைச்சுட்டார்."

டாக்டரம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது, அழுத்திய கை மட்டும் தளரவில்லை. "அட ராமா! அது உங்க காலுக்குள்ள ஓடுற குழாயோட பேருய்யா. இதயத்துலேருந்து ரத்தத்தக் கொண்டு வர்றது தமனி. அதத் திரும்ப மேல தூக்கிட்டுப் போறது சிரை. நானா வச்சேன் இந்தப் பேர? பாடப் புத்தகத்துல இருக்கு."

மாமா தரையில் கிடந்தபடி விட்டத்தைப் பார்த்தார்.

"அது எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும் இருக்கு. எனக்கு இருக்கு. இதோ உங்க மச்சானுக்கு இருக்கு. அது இல்லன்னா ஆளே இல்ல."

"வாத்தியாருக்கு?"

"எந்த வாத்தியாருக்கு?"

"இருக்கா, இல்லையா?"

"உயிரோட இருந்தா அவருக்கும் இருக்கும்யா."

மாமாவின் கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. வலியாக இருக்கும் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

சிகிச்சை நடந்தது. சொன்னபடியே முழங்காலுக்குக் கீழே ஒரு குத்து, மரத்துப்போகிற ஊசிகள், உள்ளே போன கம்பி, புண்ணைச் சுற்றி நுரை மருந்து. முழு நினைவோடு படுத்திருந்து அங்கிருந்த நர்ஸின் சீருடைத் தொப்பி கோணலாக இருக்கிறது என்று சண்டை போட்டாராம். சாயங்காலம் நடந்தே வெளியே வந்தார். தொடையில் கயிறு இழுத்தமாதிரி சில நாள் இருந்தது, அங்கங்கே கன்றிப்போயிருந்தது. காலை இறுக்கிப் பிடிக்கிற நீளமான காலுறை ஒன்றைக் கொடுத்து, தினமும் போட வேண்டும், நன்றாக நடக்க வேண்டும், சும்மா ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்றார்கள். அந்தக் காலுறையை ஏற்றுவதற்குள் அக்காவும் அவரும் தினமும் காலையில் ஒரு யுத்தம் நடத்தினார்கள். தெருக்கோடி வரை கேட்கும். இருந்தாலும் புண் சுருங்கியது, காய்ந்தது.

கால் சரியாகிவிட்டது. ஆனால் பேர் கெட்டது கெட்டதுதான். கடையில் வாசல் நாற்காலியின் மேல் சின்னவர் தன் ஈரத் துண்டுகளைக் காயப்போட்டிருந்தார். நிஜமாகவே துண்டு போட்டுவிட்டார். மாமா தினமும் அவற்றை எடுத்து எறிந்துவிட்டு நின்றார். யாரும் வந்து உட்காரவில்லை. நரம்பு இல்லை, கால்தான் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் மறைக்கிறார் என்பார்கள்.

ஒரு விடுமுறை நாள் காலை. பெஞ்ச் நிரம்பியிருந்தது, ஏஜென்ட்டும் இருந்தார். ஒழுகிய குழாயால் தரையெல்லாம் தண்ணீர். சின்னவர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தார். மாமா உள்ளே வந்து, நாற்காலியில் கிடந்த துண்டுகளை அந்தத் தண்ணீரிலேயே போட்டார். அப்பா செத்த பிறகு முதல்தடவையாகத் தம்பியைப் பார்த்து நேராகப் பேசினார்.

"டேய். இதுல உக்காரு."

சின்னவரின் சிரிப்பு பாதியில் நின்றது. "எதுக்கு?"

"கழுத்து உங்களுதுன்னு எல்லாருக்கும் சொன்னியே. உன் கழுத்தக் குடு. நடுங்குதா இல்லையான்னு இவங்களே பாக்கட்டும்."

மாட்டேன் என்றால் பயம் என்பார்கள், உட்கார்ந்தால் வதந்தி செத்துவிடும். சின்னவர் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்ச் அவரைப் பார்த்தது. உட்கார்ந்தார். அடிதடி வந்தால் பிடிக்கலாம் என்று நான் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். யாரைப் பிடிப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

மாமா புது பிளேடு மாற்றினார். நுரை போட்டார். கத்தி காதோரத்திலிருந்து இறங்கியது. தாடை, கன்னம், உதட்டுக்கு மேலே என்று எங்கும் நிற்காமல் போனது. நடுங்கியது சின்னவரின் தொண்டைக் குமிழ்தான். ஏஜென்ட் எழுந்து நின்றே பார்த்தார்.

கழுத்துக்கு வரும்போது நாற்காலியைச் சாய்க்க மாமா பக்கவாட்டுப் பிடியை இழுக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். எனக்கும் தெரிந்தது. சின்னவரின் வலது கெண்டைக்கால் உள்பக்கத்தில் நீலமாக, முறுக்கிக்கொண்டு, ஒரு கோடு. கணுக்கால் மேலே தோல் லேசாகப் பழுப்பேறியிருந்தது. அதே கால். அப்பாவின் கால்.

எனக்குள் ஒரு கேவலமான சந்தோஷம் பொங்கியது. சொல்லுங்க மாமா, என்று மனசுக்குள் கத்தினேன். யாருக்கு நரம்பு வியாதின்னு பெஞ்சுக்குக் காட்டுங்க. ஒரு வார்த்தை போதும், உள்பக்கத்து நாற்காலியும் காலியாகிவிடும்.

மாமா நிமிர்ந்தார். கத்தியைத் தம்பியின் தொண்டையில் வைத்தார். ஓரமாய்ச் சாய்ந்து காதுக்குள், எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்கும்படி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"ஆடாத. உனக்கும் கால்ல வந்துடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. போயி என்ன மாதிரி நரம்புன்னு சொல்லித் தொலைக்காத, நாசமாப் போறவனே. தப்பான வரிசையில உக்கார வச்சுடுவானுங்க."

சின்னவர் கண்ணைத் திறந்தார். அதில் சிரிப்பு இல்லை. தொண்டையில் கத்தி இருந்ததால் உதடு மட்டும் அசைந்தது.

"பின்ன என்னன்னு சொல்ல?"

மாமா கழுத்தில் கடைசி இழுப்பை இழுத்தார். ஒரு கீறல் இல்லை. கத்தியைத் துடைத்தார். பிறகு, கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"சிரை."

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. சின்னவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சுருட்டியிருந்த கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, தன் பக்கம் போனார். மாமா துணியை உதறினார்.

"அடுத்து யாரு?"

ஏஜென்ட் வந்து உட்கார்ந்தார்.